ஆதிமூலத்திடம் சொல்லாமல் விட்ட தேதி

முதலியார்பேட்டை
புரட்டாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, காலையில் பால் வாங்க அவளே நடந்து போய் வருகிறாள். வாராவாரம் வீடியோவில் பேசுகிற அப்பா எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வாய் வரவில்லையம்மா. மூன்று ஞாயிறு முயன்றேன், மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

போன மாசியில் நீ என் படத்தை உன் ஆபீஸின் இணையப் பக்கத்தில் போட்டாயே, புது பாய்லரின் திரைக்கு முன்னால் நான் நிற்கிற படம், ஐம்பத்தைந்து வயதில் என் அப்பா விறகிலிருந்து சோலாருக்கு மாறினார் என்று எழுதி, முகம் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டினார்களே, அதை முதலில் எடுத்துவிடு. அந்த இடத்தில் நிற்க எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் மேட்டுப்பாளையம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நானும் ஆதிமூலம் மாமாவும் இருபத்திரண்டு வருஷம் ஒரே பாய்லரை ஓட்டியது உனக்குத் தெரியும். ஒரே வண்டியில் போவோம், வருவோம். பெட்டி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இனிமேல் புகை இல்லாமல் செய்த பெட்டிதான் வேண்டும் என்று சொன்னதால் முதலாளி கூரை முழுவதும் சோலார் போட்டு, விறகு பாய்லரை நிறுத்திவிட்டு கரண்ட் பாய்லர் வைத்தார். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக இருந்த என் இருமல் நின்றுவிட்டது, அம்மா என் சட்டையைத் தனியாக ஊற வைப்பதில்லை, கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற வீடுகளில் துணியைத் தைரியமாக வெளியில் காயப் போடுகிறார்கள். ஆனால் சவுக்குக்கட்டை லாரி வருவது நின்றது, கட்டை இறக்குகிறவர்கள் நின்றார்கள், சாம்பல் அள்ளுகிற வீராயியும் கூட இருந்த இரண்டு பெண்களும் ஒரே நாளில் நின்றார்கள். அவர்களுக்கு வேறு வேலை கற்றுத் தரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாய்லர்காரர்களில் பழைய ஆள் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு மார்கழியிலேயே வந்துவிட்டது.

தை மாதம் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். திங்கட்கிழமை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதற்கு முந்தின வெள்ளி, சனிக்கே மாற்றினார்கள். அந்த வாரம் ஆதிமூலம் லீவில் இருந்தான், சந்திரகலா அத்தைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். மேனேஜர் என்னிடம், "சக்கரபாணி, அவருக்கு நீயே சொல்லிடு" என்றார். அன்று சாயங்காலம் ஆதிமூலமே போன் செய்தான். "கம்பெனில எதனா விசேஷமாடா?" என்று கேட்டான். நான், "ஒண்ணும் இல்லடா, நீ தங்கச்சிய பாத்துக்க" என்றேன். மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டிருந்தால் கூட மனசு ஆறும். தெரிந்தே சொன்னேன். வெள்ளிக்கிழமை மேனேஜர் அவன் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, "அவனுக்கு கம்ப்யூட்டர்லாம் வராது சார், இஷ்டம் இல்லன்ட்டான்" என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். திங்கட்கிழமை அவன் புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றான். எல்லாம் முடிந்துவிட்டது என்று கேட்டில் சொன்னார்கள். தேதி மாற்றியதை எனக்கே கடைசி நிமிஷத்தில்தான் சொன்னார்கள் என்று அவனிடமும் பொய் சொன்னேன். அவன் நம்பினான். "உனக்காவது கெடச்சுதே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் நீ படம் போட்டாய். வேலை போன ஆதிமூலத்தின் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லவில்லை. அவன் மகள் அன்புசெல்வி நர்சிங் சேர்வதாக இருந்தாளே, நீ கூட போனில் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாயே, அவள் இந்த வருஷம் சேரவில்லை. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துக் காட்டுகிறாள். ஆதிமூலம் பங்குனியிலிருந்து ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குச் சேர்ந்து செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் கம்பெனிக்கே வந்தான், கூரை மேல் ஏறி சோலார் தகட்டில் படிந்த தூசியைக் கழுவ. நான் கீழே ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், தலைக்கு மேல் அவன் நடக்கிற சத்தம் கேட்கும். செவ்வாய்க்கிழமை வந்தால் எனக்குச் சோறு இறங்காது. என்ன என்று அம்மா கேட்டால் வெயில் என்பேன்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஏணியில் ஏறிப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவான், அடிப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் கையில் இருந்த குழாயை மூடினான். பிறகு, "நான் வந்திருந்தாலும் தேறியிருப்பேனோ மாட்டேனோ. அத தெரிஞ்சிக்கக்கூட உடலியேடா" என்றான். அவ்வளவுதான். திரும்பவும் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்துவிட்டான். அந்த வார்த்தையிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லையம்மா.

மறுநாள் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத இப்ப கொண்ணாந்து குடுத்தா நான் என்னய்யா பண்றது?" என்றார். இரண்டாவது பாய்லர் வரப்போகிறது, அவனுக்கு ஒரு பரீட்சை வையுங்கள் சார், என்னை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை என்றேன். என்னை எடுக்கவில்லை, இன்சார்ஜ் பொறுப்பை மட்டும் பிடுங்கிக் கோபிநாத் என்ற பையனிடம் கொடுத்துவிட்டார்கள், முப்பது வயதுகூட ஆகவில்லை, நல்ல பையன், என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறான். ஆவணி மாதக் கடைசியில் பயிற்சி வைத்தார்கள். அந்தத் தேதியை நானே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஆதிமூலம் வீட்டுக்குப் போனேன். சந்திரகலா அத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. "எங்க ஊட்ல சாப்ட்ட கை தானண்ணா அது" என்று மட்டும் சொன்னாள்.

ஆதிமூலம் வந்தான், எழுதினான், தேறினான். நான் இரண்டு முறை தடுமாறின இடத்தை அவன் ஒரே முறையில் போட்டுக் காட்டினான் என்று கோபிநாத் சொன்னான். இப்போது அவன் காலை ஷிப்ட், நான் மதியம். இரண்டு மணிக்கு ஒப்படைக்கும்போது, "பிரஷர் சரியா இருக்கு, தண்ணி சரியா இருக்கு" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுகிறான். அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்ததே என்று நீ எனக்குச் சமாதானம் சொல்லாதே. அன்புசெல்விக்கு இந்த வருஷம் திரும்பக் கிடைக்காது. அடுத்த வருஷம் சேருகிறாளாம், முடிந்தால் அவளிடம் நீ பேசு, என் பேரை எடுக்காமல் பேசு.

அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, பிள்ளைக்கு நீங்களே எழுதுங்கள், நான் மூடி மறைக்க மாட்டேன் என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். நீ என்னைக் கோபித்துக்கொள், அது நியாயம். ஆனால் போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

அங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிடும், காதை மூடிக்கொண்டு வெளியில் போ. மயிலத்து முருகன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். முக்கியமாக ஒன்று. உன் வேலையே பழைய கம்பெனிகளைப் புது முறைக்கு மாற்றுவதுதானே. எந்த ஊரில் பயிற்சி வைத்தாலும் சேதியை ஒரே ஆளின் வாயில் கொடுத்து அனுப்பாதே. எல்லோர் பேரையும் எழுதி, சாம்பல் அள்ளுகிறவர்கள் பேரையும் சேர்த்து, கேட்டில் ஒட்டச் சொல். நடுவில் என்னைப் போல ஒருவன் எங்கேயும் இருப்பான்.

வெட்கத்தோடு,
உன் அப்பா
சக்கரபாணி