நட்சத்திரம் குத்தும் கை

பெல் க்ராஸிங், ஜார்ஜியா
6 மே 1985

அன்பு மகள் லவோனியாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம், கணுக்கால் வீக்கமும் வடிந்துவிட்டது. நீ சுகமா என்று கேட்டால் வேலை அதிகம் என்றுதான் ஜெர்மனியிலிருந்து பதில் வரும், அதனால் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. ஆறட்டும் என்று மூன்று நாள் பொறுத்தேன், ஆறவில்லை, எழுதுகிறேன்.

முதலில் சபைச் சமாச்சாரம். அடுத்த மாதம் வாஷிங்டனில் உனக்கு ஜெனரல் நட்சத்திரம் குத்தும் விழாவுக்குப் பதினோரு பேர்தான் வரலாம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் பாஸ்டர் க்ரிம்ஸிடம் சொல்வதற்குள் அவர் ஞாயிறு ஆராதனையில் சபையே போகலாம் என்று அறிவித்து, அறிவிப்புத் தாளிலும் அச்சடித்து, பேருந்தும் பேசி முடித்துவிட்டார். நாற்பத்தாறு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். உனக்குக் குரல் சரியில்லை என்று சின்ன வயதில் பாடகர் குழுவிலிருந்து உன்னை அனுப்பினாளே சிஸ்டர் ஹேஸ்லிப், அவள் 'அந்தப் புள்ளைய வளத்ததே நான்தானே, எனக்கு ஜன்னலோர சீட்டு வேணும்' என்கிறாள். பதினோரு பேர்தான் என்று பாஸ்டரிடம் சொன்னால், 'அதனால என்னம்மா, மிச்சம் முப்பத்தஞ்சு பேரும் வாசல்ல நின்னு பாடுறோம், ராணுவம் என்ன பண்ணிடும்' என்று சிரிக்கிறார். வழிக்கு யார் கோழி வறுப்பது என்று இப்போதே இரண்டு கட்சி. என் தலை வெடிக்கிறது. நூற்றுக்கணக்கான லாரிகளை மேய்க்கிறவளுக்கு ஒரு பேருந்து பெரிதில்லை, இதை நீயே பார்த்துக்கொள்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 'உன் விரல்தான் இப்ப சரியா மடங்குறதில்லையேம்மா, அத்தனை பேர் முன்னாடி நீ தடுமாற வேண்டாம், ஒரு தோள்ல என் மேலதிகாரி குத்தட்டும், இன்னொரு தோள்ல தம்பி குத்தட்டும், நீ முன்வரிசையில சுகமா உக்காந்து பாரு' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? ராணுவ முகாம் வாசலிலிருந்த சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் நான் யார் சட்டைக்குக் கஞ்சி போட்டேன்? பதவிச் சின்னங்களைக் கழற்றி, துவைத்து, தேய்த்து, மறுபடி அளந்து குத்தி அனுப்பியது யார் கை? கோணல் என்று ஒரு அதிகாரியும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தச் சட்டைகளில் ஒன்றுகூட நம் நிறத்து ஆளுடையது இல்லை. இந்த விரல்கள் இப்படிக் கெட்டதே அந்தச் சோடாக் காரத்திலும் ஆவியிலும்தான். பள்ளிவிட்டு வந்து அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து எனக்குச் சின்னங்களைத் துடைத்துக் கொடுத்தவள் நீ. 'இதெல்லாம் பொம்பளைங்க போட மாட்டாங்களாம்மா?' என்று ஒருநாள் கேட்டாய். வாயை மூடிக்கொண்டு துடை என்றேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

லெப்டினன்டாக முதல் முகாமுக்குப் போனபோது, ஒரு கறுப்புப் பெண்ணுக்கு சல்யூட் வைக்க மனசில்லாமல் சிப்பாய்கள் உன்னைக் கண்டதும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறார்கள் என்று எழுதினாயே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் தாண்டு, நேராக அவன் எதிரில் போய் நில் என்று பதில் போட்டேன். ஒரே நாளில் ஏழு தடவை தாண்டினேன், ஏழு சல்யூட்டும் வந்தது என்று எழுதினாய். அதற்குப் பிறகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நம்மில் நீதான் முதல் ஆள். உன் படம் வந்த செய்தித்தாள்களை வெட்டிப் போட மூன்றாவது பிஸ்கட் டப்பா எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் இப்போது என் கையைக் கண்டு ரோட்டைத் தாண்டிப் போகிறாயே, வோனி. எனக்கு ரொம்ப வலித்தது.

முகாம் வாசல் கடையில் ஒரு நட்சத்திரம் வாங்கிவரச் சொல்லி உன் தம்பி க்ளீவனை விரட்டினேன். அவன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டி நிற்கவைத்து அவன் தோளில்தான் பழகுகிறேன். தோளெல்லாம் ஓட்டை, 'பாடும்போது தோள் வழியா காத்து வருதும்மா' என்று புலம்புகிறான், புலம்பட்டும். முதல் நாள் கால் மணி நேரம் ஆயிற்று, நட்சத்திரம் இரண்டு தடவை அடுப்புக்கடியில் உருண்டது. இப்போது விரலை வெந்நீரில் வைத்து எடுத்தால் ஒரு பாட்டு நேரத்தில் குத்திவிடுகிறேன். உன் ஜெனரல்களால் ஒரு பாட்டு நேரம் நிற்க முடியாதா? அவர்கள் சட்டைக்காக நான் இருபத்திரண்டு வருஷம் நின்றேன்.

இதோடு, உன் சட்டையின் தோள்பட்டை மாதிரியே தைத்த ஒரு பச்சைத் துணிப் பட்டை வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் நட்சத்திரம் நேற்று நானே குத்தியது, யாரும் கை வைக்கவில்லை. தையலுக்கும் பித்தானுக்கும் சரிநடுவில், ஒரு முனை கழுத்தைப் பார்த்து இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார். ஒரு நூல் விலகியிருந்தாலும் உன் மேலதிகாரியே குத்தட்டும், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறேன். விலகவில்லை என்றால் இடது தோள் என்னுடையது, மற்றதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

யாருக்கும் தலைகுனியாமலும், எனக்கு எட்டும்படி அந்தத் தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்தியும் நிற்க ஆண்டவர் உனக்குப் பெலன் தருவாராக. மேடைக்குப் பின்னால் ஒரு கிண்ணம் வெந்நீர் வைக்கச் சொல்ல மறந்துவிடாதே.

கோபத்தோடும் முத்தங்களோடும்,
உன் அம்மா
இர்மா ஜீன் டாலிவர்