மாசி பிறக்குமுன் ஒரு கார்னிவல்

பட்டினச்சேரி,
மார்கழி, 1985

அன்பு மகள் அல்லிக்கு அப்பா சொல்லி அனுப்புவது. இங்கே நானும் உன் அம்மாவும் பிடித்த மீனைத் தின்றுகொண்டு, பிடிக்காத வைத்தியரைத் திட்டிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பெருமாள் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, வாய் மட்டும் வலிக்காமல் ஓடுகிறது. கடிதம் எழுதுவது அடுத்த வீட்டு அமுதம் டீச்சர். நான் வாயில் வந்ததைச் சொல்வேன், அது அதற்குத் தலை வாரிப் பொட்டு வைத்து எழுதிவிடும், ஆகையால் பேச்சு கொஞ்சம் படித்தவன் பேச்சாக இருந்தால் நீ பயந்துவிடாதே.

உன் கடிதத்தில் இரண்டு சங்கதி இருந்தது. உங்களுக்கு இந்தக் கார்னிவல் பைத்தியத்தை யார் பிடிக்க வைத்தது என்று கேட்டிருந்தாய், அது ஒன்று. உங்க அப்பாவுக்குக் கடல்ல குளிக்க வர்ற மாப்பிள்ளை மட்டும்தான் மாப்பிள்ளையா, பிரான்சுல நீஸ்ல இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியலையா என்று உன் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருந்தாய், அது இன்னொன்று. டீச்சர் படித்ததும் உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் கீழே, இந்த வருஷமும் வராவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று நீ போட்டிருந்த வரியைத் திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கலியாணமாகிப் போனதிலிருந்து உன் வாசற்படியை மிதிக்காத அப்பன் நான், உன் குழந்தையைப் போட்டோவில் மட்டும் பார்த்தவன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், பிறகு நீயே நியாயம் சொல்.

எந்த வருஷம் என்று தேதி சொல்ல எனக்குத் தெரியாது. காவேரித் தண்ணீர் கடைமடைக்கு வராமல் நாற்றங்கால் கருகிப்போனது, அதற்கு அடுத்து வந்த பங்குனி. அதே வருஷம்தான் பிற்பாடு கிரிக்கெட்டில் நம் ஆட்கள் உலகக் கோப்பை வாங்கினார்கள், ஆடியில் அக்கரையில் கலவரம் வந்தது. அந்தப் பங்குனியில் நூகு வீட்டுக்கு அவன் மகன் துபாயிலிருந்து டிவிப் பெட்டி கொண்டுவந்து, தென்னை உயரத்துக்குக் கம்பி நட்டு, சிலோன் டிவியை அதில் வரவைத்தான். நூகு யார் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது, நீ சொல். கப்பலில் சோறாக்கும் பண்டாரியாக உலகம் சுற்றி வந்த என் சேக்காளி. அன்றைக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது நாங்கள் நாலு பேர். நான், நூகு, சைக்கிள் கடை மீரா சாகிப், பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் டவாலி போட்டு நின்ற நடராசன். பெட்டியில் பிரேசில் தேசத்துத் திருவிழா வந்தது. தேர் தேராக வருகிறது, மேளம் இடிக்கிறது, பெண்பிள்ளைகள் தலையில் மயிலிறகை அள்ளி வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் எதையும் வைக்க மறந்துபோய் ஆடுகிறார்கள். நூகு பெண்சாதி கமருன்னிசா வந்து பார்த்தாள், தன் துப்பட்டியை எடுத்துப் பெட்டிமேல் போர்த்திவிட்டுப் போனாள். நாங்கள் நாலு பேரும் முடிகிற வரைக்கும் துப்பட்டியைப் பார்த்துக்கொண்டே மேளத்தைக் கேட்டோம்.

இதுதான் வித்து. நூகு சும்மா இருக்காமல், நான் அந்த ஊருக்குப் போனவன்டா, அந்தத் திருவிழா அன்னிக்கே எங்க கப்பல் அங்க நின்னிச்சு என்றான். போனது நிசம், பார்த்தது பொய். எல்லாரும் ஆடப் போய்விட, இவன் கப்பலில் வெங்காயம் உரித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். மனக்குறை இல்லாமல் இருக்குமா. நடராசன் உடனே, இதெல்லாம் ஒரு ஊர்ல நடக்கிறதில்லே, பிரான்சுல நீஸ், இத்தாலியில வெனிசு, திரினிடாடுன்னு பல ஊர்ல நடக்குது, அதுல நீஸ்ல நம்ம அல்லியே இருக்கு என்றான். அப்படியே திட்டம் போட்டோம். நவக்கிரகக் கோயில் பஸ்ஸில் ஏறி ஒவ்வொன்றாக இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவோம் இல்லையா, அந்தக் கணக்குத்தான். முதலில் உன் வீட்டில் இறங்கிக் குளித்து நீஸ் பார்ப்பது, அடுத்து வெனிசு, பிறகு கடல் தாண்டித் திரினிடாடு, கடைசியில் பிரேசில். நீஸில் தேரிலிருந்து சனங்கள்மேல் பூவை எறிவார்களாம். நம் மாங்கனித் திருநாளில் மாடியிலிருந்து மாம்பழம் எறிகிறோம், பூவை எறிந்தால் எவன் வயிறு நிறையும் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஊர்க் குளிரில் மாம்பழத்துக்கு எங்கே போவது, கருவாடு எறியலாமா என்று மீரா சாகிப் மெய்யாகவே கேட்டான். முகமூடி போட வேண்டும் என்று நடராசன் சொன்னதைக் கேட்டு நான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, இந்த மூஞ்சிக்கு மேல தனியா ஒண்ணு வேற வேணுமாக்கும் என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

பெரிய கூத்து இனிமேல்தான். திருவிழா என்றால் நாளுக்கு ஒரு மண்டகப்படி இருக்கும், அந்த நாள் செலவும் மரியாதையும் ஒரு வகையறாவுக்கு. வெறுங்கையோடு போய்ப் பராக்குப் பார்க்க நாம் என்ன அநாதையா. அதனால் நடராசன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நீஸ் மேரிக்கே எழுதிவிட்டான், ஏதாவது ஒரு நாள் மண்டகப்படியைக் காரைக்கால் பட்டினச்சேரிக்காரர் பேருக்கு ஒதுக்கித் தரவும் என்று. அவர்களும் தங்கமானவர்கள், அச்சடித்த வண்ணத்தாள் அனுப்பியிருந்தார்கள். மண்டகப்படியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இல்லேன்னு சொல்லலியே, அப்ப குடுத்துட்டாங்கன்னுதான் அர்த்தம் என்றான் நடராசன். ஆனால் தேதி போட்டிருந்தது. டீச்சர் மற்ற ஊர்த் தேதிகளையும் விசாரித்துச் சொன்னபோதுதான் எங்கள் நாலு பேர் தலையிலும் இடி விழுந்தது. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில்தான் கார்னிவல். வேதக்காரர்கள் தவக்காலம் பிடிக்குமுன் தின்று ஆடித் தீர்க்கிற பண்டிகையாம் அது. ஒன்றைப் பார்த்தால் மற்றது போச்சு. எந்த ஊர் என்று சண்டை போட்டு மீரா சாகிப்பும் நடராசனும் ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை.

நீஸ்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லி முடித்தால், அது மாசியில் வருகிறது. மாசி என்றதும் நான் பின்வாங்கிவிட்டேன். உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கு நீதான் விளங்கச் சொல்ல வேண்டும். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நம் குப்பத்துப் பெண்ணைக் கட்டியவர், மாசிமகத்துக்குக் கடலாட இந்தக் கரைக்கு வருகிறபோது ஊரே மாப்பிள்ளே மாப்பிள்ளே என்று கூப்பிட்டுத் தோளில் தூக்கும். தோள் கொடுக்கிற வீடு நம் வீடு. மாசி பிறந்தால் மகம் முடிகிற வரைக்கும் நம் வீட்டு ஆண்பிள்ளை ஊர் எல்லை தாண்டிப் படுக்கக் கூடாது என்பது என் அப்பன் காலத்து நேர்ச்சை. போன வருஷம் நான் வராமல் போனது இதனால்தான் அம்மாடி, உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. சாமி மாப்பிள்ளை கோபித்தால் கடல் கோபிக்கும். உன் வீட்டுக்காரர் கோபித்தால் நீ அழுவாய். நடுவில் மாமனாராகப் பிறந்தவன் என்ன செய்வான்.

இந்தத் தரம் நீ எழுதியிருந்த தேதியை டீச்சர் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தது. தை முடிவதற்குள் கார்னிவல் முடிந்துவிடுகிறது. நான் நம்பவில்லை, டீச்சருக்குத்தான் கணக்குத் தப்பு என்றேன். பக்கத்தில் இருந்த நூகு, ஏன்டா முத்தையா, இதுவும் எங்க நோன்பு மாதிரி பிறை பார்த்து வர்ற சங்கதிதானே, ஒரே இடத்துல நிக்குமா, இத்தனை நாளா மாசி மாசின்னு எங்களையும் கரையில கட்டிப் போட்டியே பாவி என்று வைதான். வாங்கிக்கொண்டேன். உன் அம்மா அப்போதே என் வேட்டிகளைக் கஞ்சி போடக் கொண்டுபோய்விட்டாள்.

ஆகையால் வருகிறேன். மாப்பிள்ளையிடம் இதை முதலில் சொல். கடைசி நாளில் ராஜா பொம்மையைக் கொளுத்துவார்களாமே, அதைப் பார்க்க எனக்குக் கொடுப்பினை இல்லை, முந்தின நாளே என்னை விமானம் ஏற்றிவிட வேண்டும், மாசி ஒன்றாம் தேதி நான் பட்டினச்சேரியில் படுக்க வேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதே. அம்மா முழங்காலைக் காட்டி வரவில்லை என்கிறாள், குழந்தைக்குக் காதோலையும் வசம்பும் கொடுத்தனுப்புகிறாள். குழந்தையைத் தரையில் வெறும் காலோடு விடாதே. நீங்கள் மூன்று பேரும் ஆல் போல் விழுது விட்டு, கடல் போல் வற்றாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. திட்டம் போட்டவர்கள் நாலு பேர். மீரா சாகிப் போன மழையில் போனான். நடராசன் இந்த ஐப்பசியில், எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டு மனுவில் என் கைநாட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். எனக்கும் நூகுவுக்கும் டிக்கெட்டை நூகுவின் துபாய் மகன் எடுத்துவிட்டான், நீ இன்னொரு பாயை மட்டும் விரித்து வை. என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது நூகு ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா முத்தையன்
கைநாட்டு