இருபத்தேழு ஞாயிறுகள்

கலநாள் 42, ஞாயிறு, 10:00
பதிவு: மங்கையர்க்கரசி, தனிப் பயணி. பூமியை விட்டு விலகும் விண்கலத்தின் வேகம், ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு. காற்று, நீர் சரி. நட்சத்திரத் துடிப்புகளை அளந்து, நம் வேகத்துக்கான திருத்தம் போட்டாயிற்று.
கோவில்பட்டியில் இருக்கும் அப்பாவுக்கு ஆறாவது செய்தி போனது. ஞாயிறுதோறும் ஆளுக்கொன்று அனுப்புவது, பதிலுக்குக் காத்திருப்பதில்லை என்று பேச்சு. அவருடைய இரண்டாவது இன்றுதான் வந்தது: "தாயி, அப்பா பேசுதேன். ஒன் ரூமு ஃபேனக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டேன். நல்லாச் சுத்துது."

கலநாள் 210, ஞாயிறு, 10:20
நான் அனுப்பியது இருபத்தொன்பது. அப்பா பத்து. அண்ணனுக்குக் குழந்தை பிறந்ததும் மகள் நினைப்பு விட்டுப்போயிற்று போல. எனக்கும் வீம்பு உண்டு. இன்று அனுப்பவில்லை.

கலநாள் 245, ஞாயிறு, 11:00
நீர் வடிகட்டி மாற்றினேன். இன்றும் அனுப்பவில்லை. பழகிவிட்டது.

கலநாள் 273, ஞாயிறு, 10:05
அப்பாவின் பதின்மூன்றாவது: "தாயி, ஈரல்ல கட்டியாம். ரெண்டு வருசம்னு டாக்டரு சொல்லுதாரு. அத விடு. நான் வாராவாரம் பேசுதேன், ஒனக்கு வருதா? ஒங்கிட்டருந்து மூணு வாரத்துக்கு ஒருக்கத்தான் வருது. வேலையா இருப்ப. அந்த ஒண்ணுக்காகத்தான் ஒக்காந்திருக்கேன்."

10:40
அவர் செய்திகளில் இருந்த பூமித் தேதிகளைப் பார்த்தேன். பதின்மூன்றும் ஏழு நாளுக்கொன்றாகப் பேசியவை. ஒரு ஞாயிறும் தவறவில்லை. இந்த வேகத்தில் விலகும்போது ஒரு வார இடைவெளி மறுமுனையில் மூன்று வாரமாகிறது. அவருக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். நட்சத்திரங்களுக்குத் தினமும் போடும் திருத்தம். அப்பாவுக்குப் போடத் தோன்றவில்லை.

10:52
மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். அழுகை வரவில்லை.

கலநாள் 280, ஞாயிறு, 10:00
அனுப்பினேன். கணக்கையும் போட்டேன். நான் பேசாத ஒன்பது வாரம் அங்கே இருபத்தேழு வாரமாகும். அப்பா கட்டியைப் பற்றிச் சொன்னது அங்கே 91-ஆம் நாள்; நான் நிறுத்தியது அங்கே தெரிவது 630-ஆம் நாள். டாக்டர் சொன்ன இரண்டு வருடத்தின் கடைசி ஆறு மாதம் அதுதான். என் மன்னிப்பு அதற்குப் பின்னால் போகிறது. மௌனத்துக்கும் மன்னிப்புக்கும் ஒரே வேகம். முந்த முடியாது.

10:30
அந்த ஆறு மாதமும் அவர் ஞாயிறு தவறாமல் பேசுவார். ஏன் பேசவில்லை என்று கேட்பார். அவை இன்னும் நாலரை வருடத்தில் எனக்கு வரத் தொடங்கும்.
இருபத்தேழு செய்திகளுக்குச் சேமிப்பில் இடம் ஒதுக்கிவிட்டேன்.