பத்துக்கு ஐந்து

மார்ச் 3

பேரன்புள்ள மாமாவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு, நம் வீட்டு முன்னறையில், அம்மா மற்றும் ஒரு பல்லியின் முன்னிலையில், தங்கள் இடது பக்க ஸ்பீக்கருக்கு நான்கு இரும்புக் கால்கள் பொருத்தப்பட்டன. வலது பக்கத்து ஸ்பீக்கர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் அதற்கும் மாட்டிவிட்டேன். விழா இனிதே முடிந்தது. அம்மா கைதட்டவில்லை. வாயில் ஊசி, மடியில் யாரோ தைக்கக் கொடுத்த கால்சட்டை. "பெட்டிக்கு செருப்பு போட்டாச்சா? சந்தோஷம். உன் செருப்ப வெளிய கழட்டு" என்றாள்.

இனி அறிக்கை. நீங்கள் சொன்ன முறைப்படிதான்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதே பாட்டு, வால்யூம் அதே கோட்டில். உட்கார்ந்த உடனே தெரிந்துவிட்டது மாமா! பாடுகிறவர் இத்தனை நாள் அலமாரிக்குள் இருந்து பாடிக்கொண்டிருந்தார். இன்று வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டிரம் அடிப்பவர் மோதிரம் போட்டிருக்கிறார். வலது கை.

போன விடுமுறையில் நாம் நடத்திய வயர் பரீட்சை நினைவிருக்கிறதா? கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் மாட்டியிருப்பது பழைய மெல்லிய வயரா, நீங்கள் வாங்கி வந்த தடி வயரா என்று பத்து முறை கண்டுபிடிக்க வேண்டும். நான் பத்துக்குப் பத்து. நீங்கள் பத்துக்கு ஐந்து. சும்மா நினைவுபடுத்தினேன். மற்றபடி எனக்குப் பெருமை பிடிக்காது.

இப்படிக்கு,
தங்கக்காது மருமகன்


மார்ச் 19

அன்புள்ள வாலுவுக்கு,

துறைமுகத்தில் ஏற்றிய தபால் பையில் உன் கடிதம் இருந்தது. எஞ்சின் அறை வாசலில் நின்று படித்துச் சிரித்தேன். கூட வேலை பார்க்கும் பையன், "என்ன சார், வீட்ல நல்ல சேதியா?" என்றான். "ஸ்பீக்கருக்குக் கால் முளைச்சிருக்குடா" என்றேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பான்.

போனில் சொல்கிறேனே, எதற்கு எழுத வேண்டும் என்று அலுத்துக்கொண்டாயாம், அக்கா சொன்னாள். போனில் கேட்டால் என் குரலுக்கு ஏற்றபடி பதில் சொல்வாய். தனியாக உட்கார்ந்து எழுதினால் கேட்டதை மட்டும் எழுதுவாய். அதனால்தான்.

ஒரு சின்னச் சந்தேகம். தடி வயருக்கும் மெல்லிய வயருக்கும் உனக்கு எந்த இடத்தில் வித்தியாசம் தெரிந்தது? எந்த வரியில்? சொன்னால், அடுத்த விடுமுறையில் அந்த இடத்தில் நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன். வேறொன்றுமில்லை. சும்மாதான் கேட்டேன்.

அக்காவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தைக்கச் சொல்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 2

பரீட்சையில் கோட்டை விட்ட மாமாவுக்கு, கோட்டையைப் பிடித்த மருமகன் எழுதுவது.

எந்த வரியிலா? எல்லா வரியிலும்! தடி வயரில் பாட்டு குளித்து, தலை வாரி, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு வருகிறது. மெல்லிய வயரில் தூங்கி எழுந்த மூஞ்சியோடு வந்து நிற்கிறது. இதைப் போய் எங்கே என்று கேட்கிறீர்களே! காது இருப்பவன் பாட்டைக் கேட்பான். இல்லாதவன் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான்.

உங்கள் மேல் தப்பில்லை. பத்தொன்பது வருஷம் எஞ்சினோடு குடித்தனம் நடத்தினால் காது எண்ணெயில் ஊறிப்போகாதா? பேசாமல் உங்கள் காதுகளுக்கு மாலை போட்டு, கைகுலுக்கி, ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேண்டுமானால் என்னுடையதை வாடகைக்குத் தருகிறேன். சொந்தக்காரருக்கு முன்பணம் கிடையாது.

இப்படிக்கு,
தங்கக்காது (இருபத்திரண்டு காரட்)


ஏப்ரல் 21

அன்புள்ள மருமகனுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

நீ விளையாட்டாக எழுதியதைத்தான் நான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் வேலை உனக்குத் தெரியும். மீட்டர்கள் ஆயிரம் இருந்தாலும், ஒரு பம்ப் கெடப்போகிறது என்றால் முதலில் சத்தம்தான் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். போன வாரம் ஒரு பம்ப் பக்கத்தில் நின்று கேட்டேன். சரியாக இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் நம்ப முடியவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நீ கேட்டுச் சொல்லுடா" என்றேன். இரண்டு முறை. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பத்துக்கு ஐந்து என்றால் குருட்டாம்போக்கு. கேட்காமலே சொன்னாலும் அவ்வளவுதான் வரும். கப்பலில் இருக்கும் முப்பது பேரின் உயிரை அப்படி ஒரு காதை நம்பி வைக்கக்கூடாது. கரையில் ஏதாவது மேசை வேலை கொடுங்கள் என்று விண்ணப்பம் எழுதிவிட்டேன். இந்த மாதம் இல்லை, மே கடைசியில் துறைமுகம் சேரும்போது கொடுப்பேன். டாக்டரிடம் போகச் சொல்வார்கள். எதற்கு? தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டுமா?

ஸ்பீக்கர் செட்டை நீயே வைத்துக்கொள். கேட்கத் தெரிந்தவனிடம் இருப்பதுதான் நியாயம். அக்காவிடம் இப்போது சொல்லாதே, அழுவாள்.

மாமா


மே 4

அன்புள்ள மாமா,

மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றிலும் முதல் வரியிலேயே ஜோக் வந்துவிட்டது.

தயவுசெய்து அந்த விண்ணப்பத்தைக் கொடுக்காதீர்கள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். அதற்கு அழுதிருக்கலாம். "நான் போன்ல, லெட்டர் வர்ற வரைக்கும் எதையும் குடுக்காதேன்னு மட்டும் சொல்றேன். மிச்சத்த நீயே எழுது. உன் கையால எழுது" என்றாள்.

அன்றைக்கு உங்கள் முறை வந்தபோது, நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நான் பின்னால் நின்று வயரைக் கழற்றி மாட்டுவதாக ஏற்பாடு. மாமா, நான் மாற்றவே இல்லை. பத்து முறையும் மெல்லிய வயர்தான். தடி வயரைக் கையில் வைத்துத் தரையில் தேய்த்துச் சத்தம் காட்டினேன். நீங்கள் தலையைச் சாய்த்து, மூச்சுகூட விடாமல் கேட்டு, "இது... தடி. இல்லையா?" என்பீர்கள். நான் சட்டையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஐந்து முறை தடி என்றீர்கள், ஐந்து முறை மெல்லிசு என்றீர்கள். இல்லாத வித்தியாசத்தை யாரால் கேட்க முடியும்?

துண்டை அவிழ்த்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். "எவ்வளவுடா?" என்றீர்கள். ஐந்து என்றேன். உங்கள் முகம் சின்னதாகிவிட்டது. உடனே சிரித்து, என் முதுகில் தட்டி, அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, இவனுக்குத் தங்கக் காது! நம்ம வீட்ல யாருக்கும் இல்லாதது இவனுக்கு இருக்கு!" என்றீர்கள். அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பற்றி இதுவரை வீட்டுக்கு வந்ததெல்லாம் புகார்தான். அதற்குப் பிறகு வாய் வரவில்லை. அப்புறம் அந்தப் பேரைக் காப்பாற்ற எழுதிக்கொண்டே போனேன். உங்கள் காதைப் பற்றி எழுதியதை இப்போது திரும்ப நினைத்தால், எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேற்று ஒழுங்காக ஒரு பரீட்சை வைத்தோம். அம்மா காசைச் சுண்டிப் பார்த்து வயரை மாற்றினாள். நான் பத்துக்கு நான்கு. பிறகு அவள் முறை. ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே ஆறு வாங்கினாள். "ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருக்கு, நான் சும்மா சொன்னேன்" என்றாள்.

உங்கள் காது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போங்கள். ஆனால் என் ஐந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அது உங்கள் மார்க் இல்லை. செட்டும் எனக்கு வேண்டாம். துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இரும்புக் கால் மாட்டியும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாடுகிறவர் அலமாரிக்குள்ளும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அந்த மோதிரம் நானே போட்டுவிட்டது.

அப்படியானால் நான் பத்துக்குப் பத்து வாங்கியது எப்படி என்று கேட்பீர்கள். தடி வயர் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைச் செருகும்போதெல்லாம் நீங்கள் மூச்சைப் பிடித்து, "ம்ம்க்" என்று மெல்ல முனகினீர்கள். மெல்லிய வயருக்கு முனகவில்லை. என் தங்கக் காதுக்கு அன்றைக்குக் கேட்டது அது மட்டும்தான், மாமா.

வாலு