அந்தச் ‘செரி’யை எதற்குச் சொன்னீர்கள், அண்ணா?

பாசமுள்ள ராசு அண்ணாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உங்கள் சின்னவன் டிப்ளமோ முடித்துவிட்டான். அண்ணி உங்கள் போனை இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறார். நான் ராசிபுரத்தில் அதே ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். மனதுதான் ஒரு நிலையில் இல்லை.

போன மாதம் வெண்ணந்தூர் வீட்டில் உங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அலமாரியிலிருந்து அண்ணி ஒரு காகிதத்தை எடுத்தார். அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் நீங்கள் காது சோதித்துக்கொண்ட தாள். கட்டங்களுக்கு நடுவே ஒரு கோடு பாதிவரை நேராக வந்து, பிறகு சரேலென்று கீழே இறங்கியிருந்தது.

“காது மந்தமாயிருச்சு, ஆருகிட்டயும் சொல்லாதேன்னாரு அம்மிணி. தெரிஞ்சா போர்வெல் போடுற ரிக் வண்டியில ஏத்த மாட்டாங்கன்னு பயம்,” என்றார் அண்ணி.

தாளில் இருந்த மாதத்தைப் பார்த்தேன். நான் உங்களிடம் அந்த விஷயத்தைச் சொன்னதற்கு முந்தைய மாதம் அது.

என்ன விஷயமென்று படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். “அண்ணனுக்குப் போன் போடு சாமி,” என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். நான் போடவில்லை. அதற்கு முன் ஒருமுறை பயந்துபோய்க் கூப்பிட்டேன். பாதி வேலையில் ஓடிவந்தீர்கள். அம்மா எழுந்து உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினீர்கள். அந்த ரோசம் எனக்கு. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றிருந்தேன். மறுநாள் மத்தியானம் அம்மா போய்விட்டாள்.

“போன் போகவே இல்லைங்கண்ணா,” என்று பொய் சொன்னேன். பெற்றவளை ஒரு போன் போட்டு விசாரிக்காத மகன் என்று பெரியப்பா வீட்டார் உங்களைத்தான் பேசினார்கள். போன் கிடைக்கவில்லை என்று சொல்லி என் பெயரை நீங்கள் இழுக்கவில்லை.

பல வருடம் கழித்து, என் வீட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் என் தலையில் கை வைத்து, “செரி, உடு சாமி. அழுவாத,” என்றீர்கள். மன்னித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

தாளை எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போனேன். அங்கே காது சோதிக்கும் பெண்மணி படம் வரைந்து காட்டினார். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், அதற்குள் நீர். சத்தம் வந்தால் அந்த நீர் அசைகிறது. அங்கே வரிசையாக இருக்கும் செல்களின் தலையில் மெல்லிய முடிகள். ஒரு முடியின் நுனியைப் பக்கத்து முடியோடு ஒரு சன்னமான இழை கட்டியிருக்கிறதாம். முடி ஒரு பக்கம் சாயும்போது இழை இழுபட்டு, மிகச் சிறிய கதவொன்று திறக்கிறது. வெளியே நீரில் இருக்கும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. அதுதான் மின்சாரம். அது நரம்புக்குக் கைமாறி மூளைக்குப் போகிறது. மறுபக்கம் சாய்ந்தால் கதவு மூடிக்கொள்ளும். ஒரு நொடிக்குள் இது ஆயிரம் முறைகூட நடக்குமாம்.

“ரிக் வண்டிக் கம்ப்ரசர் பக்கத்துலயே வருஷக்கணக்கா நின்னா அந்த முடியெல்லாம் ஒடிஞ்சு செல்லே செத்துடும்மா. நமக்கு அது திரும்ப முளைக்காது. கீச்சுச் சத்தம் வாங்குற செல்தான் முதல்ல போகும்,” என்றார்.

“அப்படீன்னா நான் பேசுனது எங்கண்ணனுக்குக் கேட்டிருக்குமாங்க?”

“குரல் கேட்டிருக்கும். ஆ, ஓ எல்லாம் வரும். ச, த மாதிரி எழுத்து நழுவிடும். முகத்தைப் பாத்துப் பேசியிருந்தீங்கன்னா உதட்டை வெச்சு நிறையப் புரிஞ்சிருக்கும்.”

அந்த முகத்தைத்தானே அண்ணா நான் காட்டவில்லை?

நேற்று அண்ணியிடம் போய், என் வீட்டிலிருந்து வந்த அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “‘தங்கச்சி எதுக்கோ அழுதா, என்னன்னு வெளங்குல, மறுக்காக் கேட்டா இன்னும் அழுவாளேன்னு உட்டுட்டேன்’னாரு அம்மிணி.”

நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது வேறு மாதிரி தோன்றியது. எல்லாம் கேட்டிருந்தாலும் அண்ணியிடம் நீங்கள் இதைத்தானே சொல்லியிருப்பீர்கள்? என்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறீர்கள்? கேட்காமல் சொன்ன ‘செரி’ என்றால் அது எனக்கு எப்படிச் சேரும்? கேட்டுச் சொன்னது என்றால், அந்தக் கையில் ஒரு நடுக்கம்கூட இல்லையே, எப்படி? இரண்டு பக்கமும் நம்பிப் பார்க்கிறேன். மனது ஒரு பக்கமும் நிற்கவில்லை.

அடுத்த மாதம் உங்கள் வருசத் திதி. பெரியப்பா வீட்டார் எல்லோரும் வருகிறார்கள். இலை போடும் முன் எழுந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அம்மா சொல்லியும் அண்ணனுக்குப் போன் போடாதவள் நான்தான் என்று உரக்கச் சொல்லிவிடுவேன். அவர்கள் என்னை என்ன சொன்னாலும் சரி. உங்கள் மேல் விழுந்த அந்தப் பேச்சை என் வாயாலேயே எடுத்துவிடுகிறேன், அண்ணா.

இன்னும் உங்கள் தங்கைதானே என்று கேட்டு நிற்கும்,
செல்வி