வண்டிக் காவலில் மருதன்

என் ஆருயிர் மச்சான் கோபிக்கு,

நாற்று விட்ட சமயத்தில் மஞ்சள் காமாலையில் போனாய். இப்போது அறுப்பும் முடிந்துவிட்டது. ஊர்ச் சேதி நிறைய இருக்கிறது. ஆனால் நீ முதலில் கேட்கப்போவது பகடை உருட்டிக் கதை வளர்க்கும் நம் ஆட்டத்தைப் பற்றித்தான், அதனால் அதையே சொல்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தீபாவின் டியூஷன் சென்டர் மாடியில் இன்னும் கூடுகிறோம். சேகர் வாலாஜாபாத் ரைஸ்மில்லிலிருந்து தலையில் தவிட்டோடு அப்படியே வருகிறான். கதை நடத்துவது நான்தான். கதைக்குள் தீபா வைத்தியச்சி, சேகர் திருடன். உன் பாத்திரமான வண்டிக்காரன் மருதன் மட்டும் வண்டிப் பக்கத்தில் நிற்கிறான். நம் வழக்கம் அதுதானே? ஆட்டத்துக்கு வராதவரின் ஆள், கதையில் வண்டிக்கும் மாட்டுக்கும் காவல். அந்தக் காவலுக்குப் பயந்து காய்ச்சலோடுகூட வந்தவன் நீ. இத்தனை ஞாயிறாக நிற்கிறாயே, கால் வலிக்கவில்லையா?

கதை இப்போது மூன்று ஆறு கூடும் துறையில் நிற்கிறது. திருமுக்கூடலைப் பார்த்து நான் கட்டிய துறை. ஒரே வெள்ளம். பரிசலில்தான் கடக்க வேண்டும், வண்டி ஏறாது. கடந்தால் மருதனை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சேகர் உடையாத அச்சாணியைச் சரிபார்க்கப் பகடை உருட்டினான். தீபா கரையெல்லாம் மூலிகை தேடினாள். எனக்குத் தெரியாதா? நானும் மழையைக் கொட்டவிட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம்.

போன ஞாயிறு உன் கலா வந்தாள். உன் பகடைகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போக வந்தவள். பலகையும் இல்லை, காயும் இல்லை, வாயாலேயே ஆடும் இது என்ன ஆட்டம் என்று உன்னைத் திட்டுவாளே, அவள் வாசற்படியிலேயே நின்று, கதையில் நீ இப்போது எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

“அங்க ஒத்தையாவா நின்னுக்கினு கீறாரு?”

தீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

“காவல் காத்தது போதும்ணா. வண்டிய ஓட்டிக்கினு வூட்டுக்கு வரச் சொல்லுங்க.”

நம் ஆட்டத்தில் கேட்டதெல்லாம் நடந்துவிடாது. அந்த வெள்ளத்தில் வண்டி வீடு சேருமா என்று பகடைதான் சொல்ல வேண்டும். உன்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? டப்பாவைத் திறந்து, உன் இருபது முகப் பகடையை எடுத்து அவளே உருட்டினாள்.

ஒருமுறை கதையில் உன் பழைய ஆள் பாலத்தில் செத்துப்போனபோது, இன்னொரு தடவை உருட்டிக்கொள் என்று நான் இறங்கி வந்தேன். நீ கேட்கவில்லை. “வுழுந்தது வுழுந்ததுதான், மச்சான்” என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பகடை உருண்டு நிற்பதற்குள் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திவிட்டேன். மழை விட்டது என்றேன். மருதன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தான், மாட்டைக் கட்டினான், கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான் என்று சொன்னேன். கலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன குழம்பு என்று கேட்டாள். கருவாட்டுக் குழம்பு என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

என்ன விழுந்தது என்று நீ கேட்பாய். நான் பார்க்கவில்லை, மச்சான். மூடின கையோடு எடுத்து டப்பாவில் போட்டுவிட்டேன்.

உன் சட்டத்தை மீறியது அந்த ஒருமுறைதான். வருகிற ஞாயிறு பரிசல் ஏறுகிறோம். யார் மூழ்கினாலும் விழுந்த எண்ணை உரக்கப் படிப்பேன், இது சத்தியம். நீ இனிமேல் கரையில் நிற்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படு.

கலாவுக்கு அண்ணனாகவும் உனக்கு மச்சானாகவும் என்றும் இருக்கும்,
முரளி