கையால் சரிபார்க்கும் வரிசை

ஏப்ரல் 2, ஷாங்காய்

தம்பி குவோலியாங் பயணச்சீட்டை என் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறான். நாளை மதியம், அதிவேக ரயில், நான்சாங் வரை. கூடவே ஒரு செய்தி: "நாளன்னிக்குக் காலைல ஒம்போதுக்கு அம்மாவோட அஸ்தியைப் புதைக்கிறோம். ரெண்டு வருஷம் வச்சிருந்தாச்சு. இந்தத் தடவையும் வரலேன்னா விட்டுடு."

அக்கா என்ற சொல் இல்லை. அம்மா இறந்த நாளிலிருந்தே இல்லை. அப்போது தொற்றுநோயால் எல்லை மூடியிருந்தது. டொராண்டோவிலிருந்து திரையில் பார்த்து அழுதேன். எல்லையை நான் மூடவில்லை. கனடாக் குடிமகளாகிக் கடவுச்சீட்டை மாற்றிக்கொண்டது மட்டும் நான்தான்.

ஏப்ரல் 3

ரயில் நிலையத்தில் தானியங்கிக் கதவு எனக்குத் திறக்கவில்லை. கையால் சரிபார்க்கும் வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் என் கடவுச்சீட்டைப் புரட்டினாள்.

"பெரியம்மா, இது பழைய அடையாள அட்டை நம்பர்ல எடுத்த சீட்டு. அட்டை இருக்கா?"

"இல்லை. பேர் என்னோடதுதானே?"

"பேரு ரயில் ஏறாது பெரியம்மா. நம்பர்தான் ஏறும்."

ரயில் போய்விட்டது. கல்லறை வழிபாட்டு விடுமுறை. எல்லா வண்டியும் நிறைந்துவிட்டது. நாளைக் காலை ஆறு மணி வண்டியில் இருக்கையில்லாச் சீட்டு ஒன்று கிடைத்தது. போய்ச்சேரவே பத்து ஆகும். குவோலியாங் தொலைபேசியை எடுக்கவில்லை.

கடவுச்சீட்டு எண்ணைப் போன வாரமே அனுப்பினேன். நாற்பதாண்டுகள் கணிதம் கற்பித்தவன் ஓர் எண்ணைத் தவறாக இடுவானா? வேண்டுமென்றே— வேறென்ன?

ஏப்ரல் 4, ரயிலில்

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, வெந்நீர்க் குழாய்க்கு அருகில், என் பயணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். வயது எழுபத்துநான்கு. நூடுல்ஸுக்கு வெந்நீர் பிடிக்க வந்தவள் கேட்டாள்: "என்ன அத்தை, பிள்ளைங்க சீட்டு போட்டுத் தரலையா?"

"தம்பி போட்டான்" என்றேன். எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மணி ஒன்பது. குழியை மூடியிருப்பான்.

அதே நாள், மாலை

மூடவில்லை. பதினொன்றரைக்குக் குன்றேறினேன். அஸ்திப் பெட்டியை மடியில் வைத்து, அதற்கு மட்டும் குடைபிடித்து, தான் மழையில் நனைந்துகொண்டிருந்தான் தம்பி. கல்லறைக் கல் பதிப்பவர், "இன்னும் எட்டுக் குழி பாக்கி கெடக்கு ஐயா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டு மகாராணி வந்தாச்சா?" என்றான்.

"நான் வரக்கூடாதுன்னுதானே பழைய நம்பரைப் போட்டே?"

அவன் விழித்தான். "பழசா? குடும்பப் பதிவேட்டுல உன் பக்கத்தைப் பாத்துத்தான் போட்டேன்."

"என் பக்கம் இன்னும் இருக்கா? முப்பத்துநாலு வருஷமா? வேற நாட்டுக் குடிமகள் ஆனா பேரை எடுத்துடணும். சட்டப்படி தப்பு, தெரியுமா?"

"அம்மா எடுக்க விடல." குடையைப் பெட்டிமேல் சரிசெய்தபடி, "அப்புறம் நானும் எடுக்கல."

"சண்டைய அப்புறம் போடுங்க. பெட்டிய எறக்குங்க" என்றார் கல் பதிப்பவர். இருவரும் சேர்ந்து இறக்கினோம்.

ஏப்ரல் 8

பதிவேட்டை என் முன்னால் வைத்து, "நீயே போய் எடுத்துட்டு வா" என்றான். போனேன். குடும்பப் பதிவேடுகளைக் கவனிக்கும் காவல் நிலையத்தில் என் பக்கத்தை நீக்க ஒரு முத்திரை, அரை நிமிடம். சரியான செயல்தான்.

ஏப்ரல் 9, நான்சாங் நிலையம்

இம்முறை கடவுச்சீட்டைப் பார்த்து எண்ணை இட்டான். மூன்று முறை சரிபார்த்தான். சீட்டுகள் இரண்டு.

"ஷாங்காய்ல உனக்கென்ன வேலை?"

"சும்மாதான்."

அவனுடைய அட்டைக்குத் தானியங்கிக் கதவு ஒரு நொடியில் திறந்திருக்கும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையால் சரிபார்க்கும் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றான். நான் திரும்பிப் பார்த்தேன்.

"நகரு அக்கா, வரிசை போகுது" என்றான்.